குதிகால் ஃபிளாப்பின் நுனி கறுத்துவிட்டது: கையாண்டதில் தவறா?

வாசகி கேள்வி:

மும்பை தாராவியில் இருக்கிறோம். அப்பாவுக்கு 56 வயது, தோல் பட்டறையில் வேலை. எட்டு வருடமாகச் சர்க்கரை. மாவா (புகையிலை கலந்த பாக்கு) போடும் பழக்கமும் உண்டு. பைக் மோதியதில் இடது குதிகாலின் பின்பக்கச் சதை பிய்ந்து, எலும்பும் குதிகால் நாணும் வெளியே தெரிந்தன. கெண்டைக்காலிலிருந்து தோலைத் திருப்பி ‘ரிவர்ஸ் சூரல் ஃபிளாப்’ வைத்தார்கள். மறுநாளே நீலம் பாரித்து வீங்கிவிட்டது. ஐந்தாம் நாள் நுனியில் இரண்டு செ.மீ. அளவுக்குக் கறுத்துப்போனது. இன்று எட்டாம் நாள். மறுபடி தியேட்டருக்கு எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். ஆபரேஷனில் கையாண்ட விதத்தில் தவறு நடந்ததா? கறுப்பு இன்னும் பரவுமா? நாங்கள் என்ன கவனிக்க வேண்டும்? நான் ஜி.என்.எம். நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், அதனால் விவரமாகவே எழுதுங்கள்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

விளக்கத்துக்கு முன்னால் ஒரு வேலை. அப்பா இப்போது எப்படிப் படுத்திருக்கிறார் என்று போய்ப் பாருங்கள். இந்த ஃபிளாப் இருப்பது குதிகாலின் பின்புறம். அதற்கு ரத்தம் கொண்டுவரும் காம்பு கெண்டைக்காலின் பின்புறத்தில், கீழ்ப்பாதியில் இறங்குகிறது. மல்லாந்து படுத்தால் குதிகாலும் காம்பும் மெத்தையில் அழுந்தும். “காலை உயர்த்தி வையுங்கள்” என்று சொன்னதும் வீட்டார் தலையணையை எடுத்துக் கணுக்காலுக்கு மேலே, சரியாகக் காம்புக்கு அடியில் கொடுத்துவிடுவார்கள். தந்துகிகளுக்குள் இருக்கும் அழுத்தம் 30 மி.மீ. பாதரசத்தை ஒட்டியதுதான். மெத்தையில் ஊன்றிய குதிகாலில் அதைவிடப் பல மடங்கு அழுத்தம் விழும். வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடது காலை முன்பக்கமும் உட்பக்கமும் தாங்கும்படி தலையணைகளின் மேல் வையுங்கள். பின்புறம் எதன்மீதும் படக்கூடாது. குப்புறப் படுக்க முடிந்தால் அதுவும் நல்லதுதான். எலும்பில் கம்பிச் சட்டம் போட்டுக் காலைத் தூக்கி வைத்திருந்தால் இந்தக் கவலையே இல்லை. ராத்திரி தூக்கத்தில் புரண்டுவிடுவார், ஆகவே இரண்டு மணிநேரத்துக்கு ஒரு முறையாவது எழுந்து பாருங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே பாதி பதில் இருக்கிறது. மறுநாள் ‘நீலம் பாரித்து வீங்கியது’ என்று எழுதியிருக்கிறீர்கள். தமனி வழி ரத்தம் உள்ளே வராமல் போயிருந்தால் ஃபிளாப் வெளுத்து, சில்லிட்டு, சுருங்கித் தளர்ந்திருக்கும். நீலமும் வீக்கமும் சொல்வது வேறு: ரத்தம் உள்ளே வந்துவிட்டது, சிரை வழியாகத் திரும்பிப் போக முடியவில்லை. வார்டில் இதை ‘வீனஸ் கன்ஜெஷன்’ என்பார்கள். ரிவர்ஸ் சூரல் ஃபிளாப்பில் அடிக்கடி வரும் தொல்லை இதுதான், காரணமும் அதன் அமைப்பிலேயே இருக்கிறது.

தோல் ஒட்டுக்கும் ஃபிளாப்புக்கும் உள்ள வித்தியாசம் படித்திருப்பீர்கள். ஒட்டுக்குச் சொந்த ரத்தம் கிடையாது; முதல் இரண்டு நாள் அடியில் கசியும் நீரைக் குடித்து உயிர்பிழைக்கும், பிறகு அடியிலிருந்து நாளங்கள் வந்து சேரும். வெறும் எலும்பும், உறை போன நாணும் அப்படி ஊட்ட முடியாதவை. அதனால்தான் ரத்தத்தோடு வரும் ஃபிளாப் தேவைப்பட்டது. கெண்டைக்காலின் நடுப்பகுதித் தோல், அதன் அடியில் தசையைப் போர்த்தியிருக்கும் ஆழ்உறை, சூரல் நரம்பு, அதை ஒட்டிய சிறு தமனி, குட்டை சஃபீனஸ் சிரை எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துக் கீழ்நோக்கித் திருப்புகிறார்கள். வெளிக் கணுமுட்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. மேலே பெரோனியல் தமனியிலிருந்து தோலுக்கு வரும் சிறு கிளை ஒன்று உண்டு. திருப்பும் அச்சு அதுதான். அங்கிருந்து ரத்தம் மேல்நோக்கி ஓடி நுனியை எட்ட வேண்டும்.

சிக்கல் திரும்பும் வழியில் இருக்கிறது. கால் சிரைகளில் உள்ள வால்வுகள் ரத்தத்தை மேலே மட்டும் விடும். இந்த ஃபிளாப்பில் ரத்தம் காம்பு வழியே கீழே இறங்கித்தான் வெளியேற வேண்டும், அதாவது வால்வுகளுக்கு எதிராக. பெரிய சிரையின் கதவு மூடியிருக்க, பக்கத்தில் ஓடும் நூல் போன்ற சிறு சிரைகள் சுற்றுவழியாக அந்த வேலையைச் செய்கின்றன. அவற்றின் சுவர் மெல்லியது, உள்ளழுத்தம் குறைவு. தமனி தாங்கும் அழுத்தத்தில் பாதிகூட வேண்டாம், அவை அமுங்கிவிடும். உள்ளே வந்த ரத்தம் தேங்கும், தந்துகிகளில் அழுத்தம் ஏறி நீர் வெளியே கசியும், வீங்கும். வீக்கம் சிரையை மேலும் நெரிக்கும். கடைசியில் உள்ளே வருவதும் நின்று, தேங்கிய ரத்தம் உறைந்துவிடும். காம்பிலிருந்து அதிகத் தொலைவில் இருப்பது நுனி என்பதால் முதலில் கறுப்பதும் அதுவே.

அறுவை செய்யும் கை இந்தச் சங்கிலியில் எங்கெல்லாம் தலையிடுகிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், நாளை நீங்களே தியேட்டரில் நிற்கப்போகிறவர். குழாயின் உள்ஆரம் பாதியானால் அதில் ஓடும் அளவு பதினாறில் ஒரு பங்காகிவிடும். 20 சதவீதம் குறுகினால்கூட 41 சதவீதம்தான் ஓடும். அரை மில்லிமீட்டர் நாளத்தில் 20 சதவீதம் என்பது கண்ணுக்கே தெரியாத நெரிப்பு. உங்கள் பகுதியில் காலையில் தண்ணீர் வரும் நேரத்தில் பிளாஸ்டிக் குழாய் எங்கோ மடங்கினால் என்ன ஆகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

முதல் இடம், முறுக்கு. கெண்டையிலிருந்து குதிகாலுக்குத் திருப்ப 150 முதல் 180 டிகிரி சுழற்சி வேண்டும். நீளமான ஈர வேட்டியை அரைச் சுற்று சுற்றினால் ஒன்றும் தெரியாது. அதே அரைச் சுற்றை ஒரு சாண் துணியில் கொடுத்தால் நீர் பிழிந்துவிடும். முறுக்கு நீளத்தில் பரவ வேண்டும். அதோடு, சிறு சிரைகள் நிறையச் சேர்ந்து வரட்டும் என்று இந்த ஃபிளாப்பில் காம்பை 3 முதல் 4 செ.மீ. அகலமாக, கொழுப்பும் உறையும் சேர்த்து விட்டுவைக்கிறார்கள். ஒற்றை நாளத்தின் மேல் சுழலும் புரொபெல்லர் ஃபிளாப்பில் விஷயம் நேர்மாறு. அங்கே நாளத்தைச் சுற்றியுள்ள உறை நார் ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று செ.மீ. நீளத்துக்கு விடுவிக்க வேண்டும். ஒரு நார் மிச்சமிருந்தாலும் திருப்பும்போது அது சுருக்குக் கயிறாகிச் சிரையை இறுக்கிவிடும்.

இரண்டாவது, சுரங்கம். காம்பு போகும் வழியில் தோலை வெட்டாமல் அடியில் துளைத்து இழுத்தால் தழும்பு குறையும், ஆனால் மறுநாள் வீக்கம் வரும்போது அந்தச் சுரங்கம் விரியாது. காலில், அதுவும் சர்க்கரைக்காரர் காலில், சுரங்கம் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வழியைத் திறந்து காம்பைப் படுக்கவைத்து, அதன்மேல் ஒரு மெல்லிய தோல் ஒட்டுப் போட்டுவிடலாம். காம்பின் மேல் ஒரு கீற்றுத் தோலை விட்டுவைத்தாலும் சிரை ஓட்டத்துக்கு நல்லது.

மூன்றாவது, இழுவை. ஃபிளாப்பைக் காயத்தின் அளவைவிடச் சுற்றிலும் ஒரு செ.மீ. கூடுதலாக வரைவது வழக்கம், ஏனெனில் எடுத்ததும் தோல் சுருங்கும், காயம் விரியும். துணி மாதிரியை அச்சில் பிடித்துத் திருப்பிப் பார்க்காமல் அளந்தால் ஓரிரு செ.மீ. குறைந்துபோகும்; அந்தக் குறையைத் தையல் போட்டு இழுத்து நிரப்பினால் நுனி வெளுக்கும். தையல் போட்டதும் ஓரம் வெளுத்து, சில நொடிகளில் நிறம் திரும்பவில்லை என்றால் அந்தத் தையலை எடுத்துவிட வேண்டும். ஓரம் சற்றுத் திறந்து கிடப்பது பிறகு சரியாகும்.

அப்புறம் கருவிகள். ஃபிளாப்பின் ஓரத்தைப் பல்லுள்ள ஃபோர்செப்ஸால் திரும்பத் திரும்பக் கவ்வினால், கவ்விய இடத்தில் தோலடி நாளவலை நசுங்கும். கடைசி ஒரு செ.மீ. உயிர்வாழ்வது முழுக்க அந்த வலையை நம்பித்தான். நுண்கொக்கியால் தூக்கலாம், அல்லது ஓரத்தில் இரண்டு தாங்குதையல் போட்டு அவற்றைப் பிடித்தே வேலை முழுவதையும் முடிக்கலாம். ஆழ்உறையைத் தோலோடு சேர்த்துப் பிடிக்க அங்கங்கே தையல் போடாவிட்டால், தூக்கும்போது தோல் ஒரு பக்கம், உறை ஒரு பக்கம் வழுக்கி நடுவிலுள்ள கிளைகள் அறுபடும். வெளியே ஒரு துளி ரத்தமும் தெரியாது என்பதுதான் இதில் ஆபத்து. காம்புக்கு அருகில், மின்சாரத்தால் சுட்டு ரத்தத்தை நிறுத்தும் மோனோபோலார் காட்டரி கூடாது, வெப்பம் நாளத்தின் வழியே ஓடி உட்சுவரைச் சுடும். பைபோலார் வைத்து, குறைந்த சக்தியில், கிளையைப் பிரதான நாளத்திலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிப் பிடிக்க வேண்டும். காற்றில் காய்ந்தாலும், ஏ.சி. குளிரில் சில்லிட்டாலும் நாளம் சுருங்கிக்கொள்ளும். உடல் சூட்டிலுள்ள சலைனில் நனைத்த துணியால் மூடி, சுருக்கம் வந்தால் பாப்பாவெரின் அல்லது லிக்னோகெய்ன் சில துளிகள் விட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்திருப்பார்கள். இந்தப் பொறுமை தியேட்டர் பட்டியல் நீளமாக இருக்கும் நாளில்தான் முதலில் கழன்றுபோகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமான கட்டம் ஒன்று உண்டு. ஃபிளாப்பைத் தூக்கி முடித்ததும், தைப்பதற்கு முன், ரத்தத்தை நிறுத்தக் காலில் கட்டிய டூர்னிகேயைத் தளர்த்தி, ஃபிளாப்பை அதன் பழைய இடத்திலேயே கிடத்தி 15, 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். நுனி ஓரத்தில் சிவந்த ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கசியாவிட்டால் மூன்று வழி: கசியும் இடம் வரை நுனியை அப்போதே வெட்டிவிடுவது, திருப்பாமல் பழைய இடத்திலேயே தைத்துவிட்டு இரண்டு வாரம் கழித்து மறுபடி தூக்குவது, வேறு ஃபிளாப்புக்கு மாறுவது. இரண்டாவது வழிக்கு ‘டிலே’ என்று பெயர். பக்கத்து நாளப் பகுதிகளை இணைக்கும் குறுகிய கண்ணிகள், ரத்தம் குறைந்ததை உணர்ந்து இரண்டு மூன்று நாளில் விரியத் தொடங்கும். ஆஸ்திரேலியாவின் பிளாஸ்டிக் சர்ஜன் இயன் டெய்லர் 1987-இல் உடல் முழுவதையும் நாளப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டினார். அந்த வரைபடத்துக்குப் பிறகுதான் இது ஏன் வேலை செய்கிறது என்று தெளிவாகப் புரிந்தது. அதற்கு முன் நீள-அகல விகிதம் என்ற கணக்கை நம்பிக்கொண்டிருந்தார்கள். அகலத்தைக் கூட்டினால் நீளத்தைக் கூட்டலாம் என்ற அந்தக் கணக்கு பிழை என்று 1970-இலேயே மில்டன் என்ற சர்ஜன் காட்டிவிட்டார். எந்த நாளம் உள்ளே வருகிறது என்பதுதான் கேள்வி.

ஆக, அப்பாவின் விஷயத்தில் தவறு நடந்ததா? கறுத்த நுனியை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது, சொன்னால் அது அநியாயம். மேலே எழுதிய எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாலும் சர்க்கரையும் புகையிலையும் சேர்ந்த ஒரு காலில் இந்த ஃபிளாப்பின் நுனி போவதுண்டு. ஃபிளாப்பைக் கெண்டையின் மேல் மூன்றில் ஒரு பகுதிக்குள் நீட்டி எடுத்திருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். அங்கே நரம்பும் அதன் தமனியும் ஆழ்உறைக்கடியில் தசைகளுக்கு நடுவே போய்விடுகின்றன, நுனிக்குத் துணை இல்லை. ஆபரேஷன் குறிப்பில் ஃபிளாப்பின் அளவு, அச்சுப் புள்ளி, சுரங்கமா திறந்த வழியா, டூர்னிகே தளர்த்தியபின் நுனியில் கசிவு இருந்ததா ஆகியவை எழுதப்பட்டிருக்கும். அதைச் சண்டைக்காகக் கேட்காதீர்கள். அடுத்த ஆபரேஷனின் திட்டம் அந்தத் தகவல்மேல்தான் நிற்கிறது என்பதால் கேளுங்கள். மறுநாள் நீலம் தெரிந்தபோது கட்டைத் தளர்த்தினார்களா, இறுக்கமான தையல் சிலவற்றை எடுத்தார்களா, அடியில் ரத்தக்கட்டு இருக்கிறதா என்று பார்த்தார்களா என்பதையும் கேட்கலாம். குட்டை சஃபீனஸ் சிரையில் ஒரு கேனுலா (மெல்லிய குழாய்) வைத்து அவ்வப்போது ரத்தத்தை வடிப்பதும், அட்டை விடுவதும் அந்த முதல் சில நாட்களுக்கான வைத்தியம். அட்டை ஒரு தடவைக்கு 5 முதல் 10 மி.லி. உறிஞ்சும், அதன் உமிழ்நீரிலுள்ள, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹிருடினால் பிறகு பல மணிநேரம் கசியும். அட்டையின் குடலில் வாழும் ஏரோமோனாஸ் கிருமிக்கு எதிராக ஆன்டிபயாட்டிக் கூடவே கொடுக்க வேண்டும். எட்டாம் நாளில் இதற்கெல்லாம் பெரும்பாலும் அவசியம் இருக்காது, ஓரங்களிலிருந்து புதுச் சிரைகள் முளைத்திருக்கும்.

இனிப் பரவுமா? ஒரு வாரம் தாண்டினால் உயிருள்ளதும் இறந்ததும் பிரியும் கோடு தெளியத் தொடங்கும். கறுப்புக்கும் நல்ல தோலுக்கும் நடுவே ஊதா நிறத்தில் ஒரு பட்டை இருக்கும். எந்தப் பக்கம் சாயும் என்று இன்னும் முடிவாகாத பகுதி அது. கொப்புளம் வந்து மேல்தோல் உரிந்தாலும் அடியில் இளஞ்சிவப்பு இருந்தால் அது பிழைத்த தோல். கறுப்பின் எல்லையில் மார்க்கரால் கோடு போட்டு, தேதியும் நேரமும் எழுதிவையுங்கள். வார்டு சிஸ்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். தினமும் ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் கைப்பேசியில் படம் எடுங்கள். நம் மாநிறத் தோலில், அதுவும் டியூப்லைட்டின் கீழே, நிறம் ஏமாற்றும். வெள்ளை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள், வலது காலின் அதே இடத்தோடு ஒப்பிடுங்கள். நல்ல பகுதியில் விரலால் இரண்டு நொடி மெல்ல அழுத்தி விட்டால் இரண்டு மூன்று நொடியில் நிறம் திரும்ப வேண்டும். சட்டென்று ஒரு நொடிக்குள் ஊதாவாகத் திரும்பினால் இன்னும் தேக்கம் இருக்கிறது. திரும்பவே தாமதமானால் உள்ளே வருவது குறைந்திருக்கிறது. ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனை டாக்டருடைய வேலை. நர்சிங் படித்தாலும் நீங்கள் செய்யாதீர்கள். நல்லாயிருந்த பகுதி திடீரென நிறம் மாறினால், கறுப்பு ஈரமாகி நாற்றம் வந்தால், சீழ் அல்லது காய்ச்சல் வந்தால், சிவப்பு ரத்தம் ஒழுகினால், ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் அந்த மணிநேரமே டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மாவாவை இன்றே நிறுத்த வேண்டும். புகை இல்லாததால் பாதகமில்லை என்று நம் ஆட்களில் பலர் நினைக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் 2012-லேயே குட்காவுக்குத் தடை வந்தும், பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் தேய்த்துத் தரும் மாவா கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது; பல் தேய்க்கும் மிஷ்ரியும் வறுத்த புகையிலைதான். நிகோட்டின் வாய்வழி போனாலும் தோலின் சிறு தமனிகளைச் சுருக்கும். திட்டமிட்ட ஃபிளாப் ஆபரேஷனுக்கு நான்கு வாரம் முன்பே விடச் சொல்வோம். பார்க்க வருகிறவர்கள் பாசத்தில் பொட்டலம் கொண்டுவந்து கொடுப்பார்கள், நீங்கள்தான் கண்டிப்பாக இருக்க வேண்டும். சர்க்கரை 140-க்கும் 180-க்கும் இடையில் நின்றால் போதும். முட்டை, பருப்பு, மீன் தாராளமாகக் கொடுங்கள். சிறுநீரகத்தில் குறை இருந்தால் மட்டும் டாக்டரிடம் அளவு கேளுங்கள்.

மறுபடி தியேட்டர் என்றதும் பயந்துவிட்டீர்கள். பெரும்பாலும் அது முதல் ஆபரேஷனைவிடச் சிறியதாக இருக்கும். மேல்தோல் கறுத்தாலும் அடியிலுள்ள கொழுப்பும் உறையும் பல நேரம் பிழைத்திருக்கும். இறந்ததைச் சீவி எடுத்து, அடி சிவந்து கசிந்தால் தொடைத் தோலை ஒட்டாக வைத்து முடித்துவிடலாம். காய்ந்து இறுகிய, சீழில்லாத கறுப்பை அவசரப்பட்டு எடுக்க வேண்டியதில்லை. அது இயற்கைக் கட்டு மாதிரி இருக்கும், கோடு தெளியும்வரை விடலாம். சீவியபின் எலும்போ நாணோ மறுபடி தெரிந்தால்தான் யோசனை பெரிதாகும். மீந்த ஃபிளாப்பை மேலும் விடுவித்து நகர்த்த முடியுமா, வேக் கட்டு (காயத்தின் நீரை உறிஞ்சும் கட்டு) வைத்துச் சதை வளர்க்க முடியுமா, அல்லது மறுகாலிலிருந்தோ தொடையிலிருந்தோ புது ஃபிளாப் வேண்டுமா என்று பார்ப்பார்கள். அப்படியானால் ஒன்றை மட்டும் விடாமல் கேளுங்கள்: “காலின் மூன்று தமனிகளும் திறந்திருக்கின்றனவா, டாப்ளர் எடுத்தாயிற்றா?” கணுக்கால்-கை ரத்த அழுத்த விகிதம் 0.9-க்குக் கீழே போனால் அடைப்பு உண்டு. சர்க்கரைக்காரர்களுக்குத் தமனியில் சுண்ணாம்பு படிந்து விகிதம் பொய்யாக உயர்ந்தும் காட்டும், அதனால் எண்ணை மட்டும் நம்பாமல் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் படமும் வேண்டும். பெரோனியல் தமனியே அடைத்திருந்தால் இதே காம்பை நம்பி இன்னொரு திட்டம் போடுவது வீண்.

ஃபிளாப் தன் புது இடத்திலிருந்து நாளங்களை வாங்கிக்கொள்ள மூன்று வாரம் வேண்டும். 1793-இல் புனேயில் காவ்ஸ்ஜி என்ற வண்டிக்காரருக்கு நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு அமைத்தவர், காம்பை இருபத்தைந்தாம் நாள் வரை வெட்டவில்லை. மறுவருடம் லண்டன் இதழொன்றில் அச்சான அந்த விவரணை இன்றைய கணக்கோடு அப்படியே ஒத்துப்போகிறது. அந்த மூன்று வாரமும் அப்பா காலைத் தொங்கவிடக் கூடாது, கழிவறைக்கு நடக்கவும் கூடாது. பிறகு டாக்டர் சொன்னபின் கிரேப் கட்டுச் சுற்றி, ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று முறை என்று தொடங்குங்கள். தொங்கவிட்டதும் ஊதாவாகும், தூக்கி வைத்த ஓரிரு நிமிடத்தில் மாறிவிட்டால் அடுத்த நாள் நேரத்தைக் கூட்டலாம், மாறாவிட்டால் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும்.

சூரல் நரம்பை ஃபிளாப்போடு எடுத்துவிட்டதால் பாதத்தின் வெளி ஓரம் மரத்திருக்கும். ஃபிளாப்பின் மேலும் உணர்ச்சி இருக்காது. பட்டறையில் ஆணி குத்தினாலும், தார்ச்சாலைச் சூடு சுட்டாலும் அப்பாவுக்குத் தெரியாது. வீடு திரும்பியதும் பின்புறம் மூடிய, உள்ளே மெத்தென்ற செருப்பு வாங்கிக்கொடுங்கள். தினமும் ராத்திரி குதிகாலின் பின்புறத்தை நீங்களோ அம்மாவோ கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.